கம்பிக்கும் ஒரு செக்ரோல்

பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் பெயர்கள் அழைக்கப்படுகின்றன. வந்தவர் யார், வராதவர் யார், எவருக்கு எந்த நிரை என்பதெல்லாம் செக்ரோலில் பதிவாகின்றன. ஒருவரின் பெயர் தவறுதலாக விடுபட்டுவிட்டால் அவருடைய ஒருநாள் கூலியும் விடுபட்டுப்போகும். ஆனால், கிராணியாரிடம் முறையிட்டு அதனைத் திருத்திக்கொள்ள வழியுண்டு.

கட்டடத்திற்கும் இவ்வாறு ஒரு செக்ரோல் உண்டு. கான்கிரீட்டுக்குள் வைக்கப்படும் ஒவ்வோர் இரும்புக் கம்பிக்கும் எண் கொடுத்து, அதன் பருமன், நீளம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாக எழுதிவைக்கும் தாளே அது. அதனைக் கம்பி அட்டவணை என்பர். அந்தத் தாளில் ஒரு கம்பி விடுபட்டால், கான்கிரீட் இறுகிய பிறகு முறையிடுவதற்கு இடமில்லை. விடுபட்ட கம்பி கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாத குறை மட்டும் கட்டடம் நிற்கும் காலமெல்லாம் உள்ளேயே இருக்கும்.

இது பொறியியலாளர்களுக்குரிய செய்தியாயிற்றே, மரம் சீவும் நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். தோட்டத்திற்கு வெளியே மனை வாங்கிச் சொந்த வீடு கட்டுவோர் நம்மிடையே உள்ளனர். தோட்டத்து மண்டபமும் கோயில் முகப்பும் நம் மக்களின் நன்கொடையாலும் கூட்டுழைப்பாலும் எழுகின்றன. நம் பிள்ளைகள் பலர் கட்டுமானத் துறையில் வேலை தேடிச் செல்கின்றனர். ஆகவே, கம்பி அட்டவணையைப் படித்தறியும் திறன் நம் பணத்தையும் உயிரையும் காப்பதோடு, நம் இளைஞர்களுக்கு ஒரு தொழிலையும் தரவல்லது.

கம்பி எதற்காக?

சிமெண்டும் மணலும் கல்லும் நீரும் கலந்து இறுகிய கான்கிரீட், அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. எவ்வளவு பாரம் மேலே ஏற்றினாலும் அசையாத அதே கட்டி, இரு பக்கமும் பிடித்து இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். இரும்போ இழுவையைத் தாங்குவதில் வல்லது. கான்கிரீட்டில் எந்தப் பக்கம் இழுபடுமோ அந்தப் பக்கத்தில் கம்பியை வைப்பதே இம்முறையின் அடிப்படை.

எந்தப் பக்கம் இழுபடும் என்பதை நம் அன்றாட வேலையிலிருந்தே அறியலாம். வெட்டுக்காட்டில் கால்வாயின் குறுக்கே கிடக்கும் பலகையின் நடுவில் ஒருவர் நின்றால், பலகை கீழ்நோக்கி வளையும். அப்பொழுது அதன் அடிப்பக்கம் நீண்டு இழுபடுகிறது. இரு தூண்களுக்கு இடையே நிற்கும் உத்தரமும், அதாவது பீமும், இத்தகையதே. அதற்கு முதன்மையான கம்பிகள் அடியில் இருத்தல் வேண்டும்.

இனி, இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பை நினைத்துப் பாருங்கள். நடுவில் தோள் தாங்குகிறது, முனைகள் தாழ்கின்றன. இங்கே இழுபடுவது கம்பின் மேற்பக்கம். சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் வெயில் மறைப்பும், தூணில்லாத முகப்புத் தளமும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றிற்கு முதன்மையான கம்பிகள் மேலே இருத்தல் வேண்டும். அவற்றைக் கீழே வைத்துவிட்டால், எத்தனை கம்பிகள் இருந்தும் பயனில்லை.

அட்டவணையில் இருப்பவை

பொறியியலாளர் கட்டடம் சுமக்கவேண்டிய பாரத்தைக் கணக்கிட்டு, கம்பிகளின் பருமனையும் எண்ணிக்கையையும் முடிவு செய்து வரைபடத்தில் குறிக்கிறார். அந்த வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கம்பியையும் பட்டியலிடுவதே அட்டவணை தயாரிப்பவரின் பணி. கடைக்காரர் கம்பி அனுப்புவதும், பட்டறையில் வெட்டி வளைப்பதும், தளத்தில் எண்ணிக் கட்டுவதும் அந்தத் தாளை வைத்தே நடைபெறுகின்றன.

நம் நாட்டில் இதற்கு நெடுங்காலமாகப் பிரிட்டிஷ் தரமுறை கையாளப்பட்டு வந்துள்ளது. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த 4466ஆம் எண் தர ஏடு கம்பிகளின் வடிவங்களுக்குக் குறியெண்களை வகுத்தது. 2000ஆம் ஆண்டில் அதன் இடத்தை 8666ஆம் எண் தர ஏடு பெற்றது. குறியெண்கள் மாறினாலும் அட்டவணையின் அமைப்பு மாறவில்லை. உறுப்பின் பெயர், கம்பியின் எண், வகையும் பருமனும், உறுப்புகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் உள்ள கம்பிகள், மொத்தக் கம்பிகள், ஒரு கம்பியின் நீளம், வடிவம், மடிப்பளவுகள் என்பவையே அதன் பத்திகள்.

வரைபடத்தில் “3 எச் 16 – 01” என்று எழுதியிருந்தால், எச் வகையைச் சேர்ந்த 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பிகள் மூன்று, அவற்றின் எண் 01 என்பது பொருள். எச் என்னும் எழுத்து, மேற்பரப்பில் வரிகள் எழும்பிய உறுதிமிக்க கம்பியைக் குறிக்கும். பழைய வரைபடங்களில் உறுதிமிக்க கம்பிக்கு டி என்னும் எழுத்து வழங்கியது. ஆர் என்பது வழவழப்பான மென் இரும்புக் கம்பி. எச் வகையின் வலிமை எண் 500. ஆர் வகையினுடையது 250. ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் வலிமை பாதியாகிவிடும் என்பதை இதனால் உணரலாம்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்

சிறிய மண்டபம் ஒன்றுக்கு ஒரே மாதிரியான நான்கு உத்தரங்கள் வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 4,200 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 400 மி.மீ. உயரம். அடியில் 16 மி.மீ. கம்பிகள் மூன்று, மேலே 12 மி.மீ. கம்பிகள் இரண்டு, இவற்றைச் சுற்றி 150 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. வளையங்கள். கம்பிக்கு வெளியே எல்லாப் பக்கங்களிலும் 30 மி.மீ. கான்கிரீட் மறைப்பு இருத்தல் வேண்டும். இவை கணக்கைக் கற்பதற்கான அளவுகளே; உண்மையான கட்டடத்திற்குரிய அளவுகளைப் பொறியியலாளரே தரவேண்டும்.

முதலாவது அடிக்கம்பி. 4,200இல் இரு முனைகளின் மறைப்பு 60ஐக் கழித்தால் 4,140. இரு முனைகளையும் 250 மி.மீ. வீதம் மேல்நோக்கி மடிக்கவேண்டும். மூன்றையும் கூட்டினால் 4,640. இவை யாவும் கம்பியின் வெளிப்புற அளவுகள். ஆனால், மடிக்கும்பொழுது கம்பி கூர்மையான மூலை வரை சென்று திரும்புவதில்லை. மண்சாலையின் திருப்பத்தில் நடப்பவர் மூலைக்குப் போகாமல் வளைந்து குறுக்கே செல்வதைப் போல அதுவும் வளைந்து திரும்புகிறது. அதனால் நீளம் சற்றுக் குறையும். 16 மி.மீ. வரையுள்ள கம்பிகளுக்கு, வழக்கமான ஆரத்தில் செங்கோணமாக மடிக்கும் ஒவ்வொரு மடிப்புக்கும் விட்டத்தைப் போல் இரு மடங்கைக் கழிக்கவேண்டும். இங்கே இரண்டு மடிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 32, ஆக 64. எஞ்சுவது 4,576. நீளத்தை 25 மி.மீ. மடங்காக மேல்நோக்கி முழுமையாக்குவது வழக்கமாதலால் வெட்டு நீளம் 4,600 மி.மீ.

மேற்கம்பியின் முனைகள் 200 மி.மீ. வீதம் கீழ்நோக்கி மடிகின்றன. 4,140உடன் 400ஐக் கூட்டினால் 4,540. இரு மடிப்புகளுக்கு 48ஐக் கழித்தால் 4,492. முழுமையாக்கினால் 4,500 மி.மீ.

அடுத்தது வளையம். உத்தரத்தின் அகலம் 200இல் மறைப்பு 60 போக 140. உயரம் 400இல் 60 போக 340. நான்கு பக்கங்களும் சேர்ந்து 960. வளையம் மூடும் இடத்தில் இரு முனைகளும் 115 மி.மீ. வீதம் திரும்பவேண்டும், அது 230. மொத்தம் 1,190. மூடிய வளையத்தில் ஐந்து மடிப்புகள். 16 வீதம் 80ஐக் கழித்தால் 1,110. முழுமையாக்கினால் 1,125 மி.மீ.

வளையங்கள் எத்தனை? முதல் வளையத்திற்கும் கடைசி வளையத்திற்கும் இடையே 3,750 மி.மீ. தூரம் என்றால், 150ஆல் வகுத்தால் 25 வரும். பலர் தவறும் இடம் இதுவே. 25 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை, வளையங்கள் 26. ஒரு நிரையில் மரக்கன்று நட்டவர்களுக்கு இது புதிதன்று. பத்து இடைவெளிகள் கொண்ட நிரையில் பதினொரு கன்றுகள் இருக்கும் அல்லவா? அந்த ஒன்றைக் கூட்ட மறந்தால், நான்கு உத்தரங்களில் நான்கு வளையங்கள் குறைந்துபோகும்.

இப்பொழுது அட்டவணை இவ்வாறு அமையும்:

எண் 01: எச் 16, உத்தரங்கள் 4, ஒவ்வொன்றிலும் 3, மொத்தம் 12, நீளம் 4,600, இரு முனையும் மடித்தது.

எண் 02: எச் 12, உத்தரங்கள் 4, ஒவ்வொன்றிலும் 2, மொத்தம் 8, நீளம் 4,500, இரு முனையும் மடித்தது.

எண் 03: எச் 8, உத்தரங்கள் 4, ஒவ்வொன்றிலும் 26, மொத்தம் 104, நீளம் 1,125, மூடிய வளையம்.

எடையும் வெட்டும் முறையும்

கம்பி எடைக்கு விற்கப்படும் பொருள். ஒரு மீட்டர் கம்பியின் எடையை அறிய எளிய வழியொன்று உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் கிலோகிராம் கிடைக்கும். 16ஐ 16ஆல் பெருக்கினால் 256. அதனை 162ஆல் வகுத்தால் 1.58. இவ்வாறே 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ.

நம் உத்தரங்களுக்கு 16 மி.மீ. கம்பி 55.2 மீட்டர், அதாவது 87.2 கிலோ. 12 மி.மீ. கம்பி 36 மீட்டர், 32 கிலோ. 8 மி.மீ. கம்பி 117 மீட்டர், 46.2 கிலோ. ஆக மொத்தம் 165.4 கிலோ.

இந்த எடைக்கு மட்டும் கம்பி வாங்கினால் வேலை முடியாது. கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதில் 4.6 மீட்டர்த் துண்டுகள் இரண்டு வெட்டினால் 2.8 மீட்டர் எஞ்சும். பன்னிரண்டு துண்டுகளுக்கு ஆறு முழுக் கம்பிகள் வேண்டும். மேற்கம்பிகளுக்கு நான்கு வேண்டும். வளையங்களோ ஒரு முழுக் கம்பிக்குப் பத்து வீதம் கிடைக்கும். ஆகவே 104 வளையங்களுக்குப் பதினொன்று வேண்டும். இந்த 21 கம்பிகளின் எடை ஏறத்தாழ 209 கிலோ. கணக்கில் வந்த எடைக்கும் வாங்கவேண்டிய எடைக்கும் இடையே 43 கிலோ வேறுபாடு.

இந்த வேறுபாடு குப்பைக்குப் போவதா, கட்டடத்திற்குள் போவதா என்பது அட்டவணை தயாரிப்பவரின் திறமையைப் பொறுத்தது. அதே மண்டபத்தின் தூண்களுக்கு அடித்தளத்திலிருந்து எழும்பும் 16 மி.மீ. கம்பிகள் 1.3 மீட்டர் நீளத்தில் பன்னிரண்டு வேண்டும் என்று கொள்வோம். எஞ்சிய ஆறு துண்டுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கிடைத்துவிடும். அவற்றிற்காக மேலும் இரண்டு முழுக் கம்பிகள் வாங்கவேண்டியதில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள உறுப்பானால், ஒரு கம்பியின் முனைமீது அடுத்த கம்பியின் முனை ஏறியிருக்குமாறு இணைக்கவேண்டும். பொறியியலாளர் அந்த நீளத்தை விட்டத்தின் இத்தனை மடங்கு என்று குறித்திருப்பார். 16 மி.மீ. கம்பிக்கு 40 மடங்கு என்றால் 640 மி.மீ. இதனையும் சேர்த்தே நீளத்தைக் கணக்கிடவேண்டும். இல்லையேல் கம்பி எட்டாமல் போகும்.

விடுபட்ட ஆறாம் எண்

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். மக்கள் மாதந்தோறும் சேர்த்த பணத்தில் ஒரு மண்டபம் எழுந்துகொண்டிருந்தது. வாயிலின் முன்னே தூணில்லாத முகப்புத் தளம் ஒன்று நீண்டிருந்தது. அதற்குக் கான்கிரீட் ஊற்றிச் சில நாட்களே ஆகியிருந்தன. அடியில் முட்டுக் கம்புகள் இன்னும் நின்றன.

தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி விடுமுறைக்கு வீடு வந்திருந்தாள். அவளுடைய தாயார் அத்தோட்டத்தில் மரம் சீவுபவர். மண்டபச் செயலவைத் தலைவரின் மேசையில் கிடந்த வரைபடத்தையும் கம்பி அட்டவணையையும் அவள் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

“மாமா, வரைபடத்தில் முகப்புத் தளத்திற்கு ஒன்று முதல் ஏழு வரை கம்பி எண்கள் இருக்கின்றன. இந்தத் தாளில் ஐந்துக்குப் பிறகு ஏழு வருகிறது. ஆறாம் எண் எங்கே?” என்று கேட்டாள்.

எவருக்கும் விடை தெரியவில்லை. விசாரித்தபொழுது, முதலில் எழுதிய தாள் மழையில் நனைந்துவிட, வேறொரு தாளில் பார்த்தெழுதிய வேளையில் ஒரு வரி விடுபட்டது தெரிய வந்தது. அந்த ஆறாம் எண்தான் தளத்தின் மேற்பக்கத்தில் இருக்கவேண்டிய முதன்மைக் கம்பி. அட்டவணையில் இல்லாததால் அது வாங்கப்படவில்லை, வாங்கப்படாததால் வளைக்கப்படவில்லை, கட்டுவோருக்கும் குறை தெரியவில்லை. பொறியியலாளர் வந்து பார்த்து, முட்டுகளை எடுக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார். தளம் உடைக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. மூன்று மாதச் சேமிப்பு அதற்குச் செலவாயிற்று. அந்த முகப்பின் கீழ்தான் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்து நிற்பார்கள் என்று செயலவைத் தலைவர் பின்னர் என்னிடம் சொன்னார். செலவைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பெண் பொறியியல் கணக்கு எதனையும் போடவில்லை. எண்களை வரிசையாகப் படித்தாள், அவ்வளவே. எழுத்தறிந்த எவரும் அதைச் செய்யலாம்.

தாளில் நேரும் பிழை எவ்வளவு பெரிய அழிவைத் தரும் என்பதற்கு நம் அண்டை நாட்டு நிகழ்ச்சி சான்றாகும். 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் சிங்கப்பூரில் நியூ வேர்ல்டு தங்குவிடுதி இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் இடிந்து தரைமட்டமாயிற்று. 33 பேர் உயிரிழந்தனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். கட்டடத்தின் சொந்த எடையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அது கம்பி அட்டவணையில் நேர்ந்த பிழையன்று. அதற்கு முந்திய கணக்கில் நேர்ந்த பிழை. எனினும், சேர்க்கவேண்டிய ஒன்று தாளில் சேர்க்கப்படாமற் போனதே அங்கும் காரணம். அதன் பின்னர், ஒருவர் செய்த வடிவமைப்பை மற்றொருவர் தனியே சரிபார்க்கும் முறையைச் சிங்கப்பூர் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி கொண்டுவந்தது.

மாற்றிப் போடுவதால் வரும் கேடு

கடையில் 16 மி.மீ. கம்பி இல்லையென்றால், 12 மி.மீ. கம்பியைப் போட்டால் என்ன, நான்கு மில்லிமீட்டர்தானே குறைவு என்று சிலர் எண்ணுவதுண்டு. கம்பியின் வலிமை அதன் வெட்டுமுகப் பரப்பைப் பொறுத்தது. 16 மி.மீ. கம்பியின் பரப்பு 201 சதுர மில்லிமீட்டர், 12 மி.மீ. கம்பியின் பரப்பு 113 மட்டுமே. மூன்றுக்கு மூன்று என்று மாற்றினால் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். ஈடுசெய்ய ஆறு கம்பிகள் வேண்டும். அவற்றிற்கு இடையே கான்கிரீட் இறங்க இடமிருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஆகவே, பொறியியலாளரின் ஒப்புதலின்றி எந்த மாற்றமும் செய்தலாகாது.

மறைப்பைக் குறைப்பதும் அத்தகைய கேடே. வளையம் சற்றுப் பெரிதாகிவிட்டால் கம்பி அச்சுப் பலகையை ஒட்டிக்கொள்ளும். ஈரமும் காற்றும் எளிதில் உட்புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையது. அது உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய கட்டடங்களின் உத்தரங்களில் கான்கிரீட் பெயர்ந்து சிவந்த கம்பி வெளியே தெரிவதை நாம் கண்டிருக்கிறோம்.

நாம் சரிபார்க்க வேண்டியவை

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னர் வீட்டுக்காரரோ மண்டபச் செயலவையினரோ பின்வருவனவற்றைச் சரிபார்த்தல் நலம்.

1. வரைபடத்திலுள்ள ஒவ்வொரு கம்பி எண்ணும் அட்டவணையில் உள்ளதா? பார்த்த ஒவ்வோர் எண்ணையும் பென்சிலால் குறியிடுங்கள்.

2. உறுப்புகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றிலும் உள்ள கம்பிகளால் பெருக்கினால், எழுதியுள்ள மொத்தம் வருகிறதா?

3. இறக்கப்பட்ட கம்பிகளின் வகையும் பருமனும் தாளில் உள்ளபடி இருக்கின்றனவா?

4. வளையங்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் சரியா?

5. வெளியே நீண்டு நிற்கும் தளத்தின் முதன்மைக் கம்பிகள் மேற்பக்கத்தில் உள்ளனவா? வேலை செய்வோர் மிதித்ததில் கீழே தாழ்ந்துவிட்டனவா?

6. மறைப்புக்குரிய சிமெண்டுக் கட்டைகள் கம்பிக்கும் பலகைக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளனவா?

ஐயம் எழுந்தால் குத்தகையாளரிடம் மரியாதையுடன் கேளுங்கள். நிறைவான விடை கிடைக்காவிடில் பொறியியலாளரை அழையுங்கள். வீட்டை விரிவுபடுத்துவதாயினும் நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் ஒப்புதலைப் பெறாமல் வேலையைத் தொடங்கவேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

இன்று பெரிய நிறுவனங்களில் கணினியே அட்டவணை தயாரிக்கிறது; தொழிற்சாலையிலேயே கம்பி வெட்டி வளைக்கப்பட்டு, எண் எழுதிய அட்டையுடன் தளத்திற்கு வருகிறது. ஆயினும், வந்த கட்டுகளை அட்டவணையோடு ஒப்பிட்டு, உரிய இடத்தில் வைத்துக் கட்டுவது மனிதரின் கைகளே. கம்பியைச் சுமக்க மட்டும் தெரிந்தவருக்கும் அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவருக்கும் கூலியில் வேறுபாடுண்டு.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம், அதாவது சி.ஐ.டி.பி., கட்டுமானத் தொழிலாளர்களைப் பதிவு செய்வதோடு அவர்களின் தொழில் திறனுக்குச் சான்றிதழும் வழங்குகிறது. கம்பி வளைத்துக் கட்டுதல் அத்தொழில்களுள் ஒன்று. கூட்டல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றில் தேர்ச்சியும், அளவு நாடாவைப் பிழையின்றிப் படிக்கும் பழக்கமும் உள்ள இளைஞர் எவரும் இதனைக் கற்கலாம். பெண்பிள்ளைகளும் அட்டவணை தயாரிக்கும் பணிக்கு ஏற்றவர்களே. மேலே சொன்ன நிகழ்ச்சியே அதற்குச் சான்று.

உங்கள் தோட்டத்தில் அல்லது குடியிருப்பில் கட்டட வேலை நடைபெறுமானால், இவ்விதழை எடுத்துச் சென்று அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரட்டில் பெயர் வாசிப்பதைப் போல ஒவ்வோர் எண்ணையும் வாசியுங்கள். எல்லாம் வந்திருந்தால், அதன் பின்னர் கான்கிரீட் ஊற்றட்டும்.